சிந்தாமணியும் சாமிநாதையரும்

'உங்கள் வாழ்வை மாற்றிய நூல் எது?' என்னும் வினா இலக்கிய மேடைகளிலும் இதழ்களிலும் அடிக்கடி எழுப்பப்படுவது. விடை கூறுவோர் பெரும்பாலும் தாம் விரும்பிப் படித்த நூல்களை வரிசைப்படுத்துவர். திருக்குறள் என்பார் ஒருவர். கம்பராமாயணம் என்பார் மற்றொருவர். பாரதியார் பாடல்கள் என்பார் வேறொருவர். அவ்விடைகளில் பொய் இல்லை. ஆயினும் விரும்பிய நூல் வேறு. வாழ்வை உருவாக்கிய நூல் வேறு. அந்நூலைப் படிப்பதற்கு முன் ஒருவர் செய்துகொண்டிருந்தது யாது, படித்த பின் செய்யத் தொடங்கியது யாது என்று கேட்டால் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு விளங்கிவிடும். செயலில் மாற்றம் இல்லையெனில், அந்நூல் இன்பம் தந்தது எனலாம். வாழ்வை மாற்றியது எனல் பொருந்தாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்பதற்குத் தமிழில் தக்க சான்று ஒன்று உண்டு. அஃது டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் முதுமையில் எழுதிய 'என் சரித்திரம்'. 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடர்ந்து வெளிவந்த அவ்வரலாறு, 1942 ஏப்ரல் 28ஆம் நாள் ஐயர் மறைந்தமையின் முற்றுப்பெறாமல் நின்றது, 1950இல் நூலாயிற்று. ஏடு தேடி அலைந்த ஒரு பதிப்பாசிரியரின் வரலாறாகவே பலர் அதனைப் படிக்கின்றனர். அதற்கு முன் அஃது ஒரு வாசகரின் வரலாறு என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணற்ற நூல்களைக் கற்ற ஒருவரை, அவருக்கு விளங்காத ஒரு நூல் எவ்வாறு வேறொருவராக ஆக்கிற்று என்பதே அதன் உயிர்ப்பகுதி.

அந்தாதி கற்ற இளைஞர்

1855 பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்த சாமிநாதையரின் தந்தையார் இசைவாணர். மகனும் இசையில் தேறவேண்டும் என்பது அவர் அவா. மகனுக்கோ தமிழின்மேல் தீராத வேட்கை. சிற்றூர்தோறும் இருந்த புலவர்களிடம் கிடைத்தவற்றையெல்லாம் கற்றபின், 1871இல் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்தார். 1876 பிப்ரவரி 1ஆம் நாள் ஆசிரியர் காலமாகும் வரையில் அவரை நிழல்போல் பிரியாதிருந்தார்.

அக்காலத்துக் கல்விமுறையில் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, கலம்பகம், தலபுராணம் ஆகியவையே பெரும்பங்கு பெற்றன. திரிபும் யமகமும் அமைந்த செய்யுளைப் பிரித்துப் பொருள் காண்பதே புலமைக்கு அடையாளமாகக் கருதப்பட்டது. அம்முறையில் ஐயர் பெற்ற தேர்ச்சி சிறிதன்று. 1880இல், தம் ஆசிரியரின் மாணாக்கரான தியாகராச செட்டியார் வகித்த கும்பகோணம் அரசாங்கக் கல்லூரித் தமிழாசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. இருபத்தைந்து வயதில் ஒரு தமிழ்ப் புலவர் விரும்பத்தக்க யாவும் கைகூடிவிட்டன. படித்த நூல்களைப் பாடஞ்சொல்லியே எஞ்சிய வாழ்நாளைக் கழித்திருந்தால் அவரை ஒருவரும் குறை கூறியிருக்கமாட்டார். தமிழுலகம் இழந்தது இன்னதென்பதை அறிவதற்கும் ஒருவர் இருந்திருக்கமாட்டார்.

'என்ன பயன்?'

கும்பகோணத்திற்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தவர் சேலம் இராமசாமி முதலியார். 1880 அக்டோபர் 21ஆம் நாள், வியாழக்கிழமை, ஐயர் அவரைக் காணச் சென்றார். மகாவித்துவானின் பெயரைக் கேட்டவுடன் யாவரும் காட்டும் வியப்பு அன்று முதலியாரிடத்தில் தோன்றவில்லை. என்னென்ன படித்திருக்கிறீர் என்று கேட்டார். ஐயர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்கினார். முதலியார் முகத்தில் மாறுதல் இல்லை. புராணங்களைச் சொன்னார், அப்போதும் இல்லை. இவற்றையெல்லாம் படித்ததால் என்ன பயன் என்னும் வினாவே எதிரே வந்தது. அதன்பின் சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று அவர் வினவினார். ஐயர் படித்ததில்லை, ஏடுகளைக் கண்ணால் கண்டதும் இல்லை.

இக்காட்சியைத் தமிழாசிரியர் பலர் வகுப்பில் சுவைபடக் கூறுவர். ஆனால் முதலியாரின் வினாவோடு கதையை நிறுத்திவிடுவது அவருக்குச் செய்யும் நீதியாகாது. வினா எழுப்புதல் எவருக்கும் எளிது. முதலியார் அதனோடு அமையவில்லை. தம்மிடம் இருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை ஐயரிடம் கொடுத்தார். கொடுத்ததோடும் அமையாமல், அதனைத் தமக்குப் பாடஞ்சொல்ல வேண்டும் என்று கேட்டு மாணாக்கராக அமர்ந்தார். குறைகாட்டியவரே கற்பவராக முன்வந்தபோது, குறைகாட்டப்பட்டவர் சினந்து விலகுவதற்கு வழியில்லாது போயிற்று. ஒரு நூல் ஒருவர் வாழ்வில் நுழைவதற்கு அதனைக் கையில் கொடுப்பவரின் பண்பும் துணை செய்தல் வேண்டும்.

விளங்காத நூல்

சிந்தாமணி திருத்தக்கதேவர் பாடிய சமண காப்பியம். பதின்மூன்று இலம்பகங்களையும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களையும் உடையது. நச்சினார்க்கினியர் உரை அதற்கு உண்டு. அதன் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகம் மட்டும் 1868இல் போவர் பாதிரியாரால் அச்சிடப்பட்டிருந்தது. மற்றவை ஏட்டிலும் கையெழுத்துப் பிரதியிலும் கிடந்தன.

பழம்பிரதியைப் படித்தலே ஒரு கலை. ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி ஒரே வடிவில் நிற்கும். காலும் ரகரமும் ஒன்றோடொன்று மயங்கும். அவற்றின்மேல் எழுதினோர் செய்த பிழைகளும் சேர்ந்திருக்கும். எனினும் ஐயருக்கு நேர்ந்த பேரிடர் எழுத்தில் அன்று, பொருளில். கடவுள் வாழ்த்திலேயே அவர் அறிந்த தெய்வம் இல்லை. சைவ மடத்தின் சூழலில் பயின்றவருக்குச் சமண சமயத்தின் மரபும் வழக்கும் முற்றும் புதியன. சொல் தெரிந்தும் கருத்துத் தெரியாத நிலை அது. கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு அதனினும் சங்கடமான நிலை வேறு இராது.

அந்நிலையில் மூன்று வழிகள் அவர் முன் இருந்தன. விளங்கியதுபோல் நடித்துச் சமாளிப்பது ஒன்று. சமண நூல் நமக்கெதற்கு என்று மூடிவைப்பது மற்றொன்று. அறிந்தவரைத் தேடிச் சென்று கேட்பது பிறிதொன்று. ஐயர் மூன்றாவதையே தேர்ந்தார். அந்தக் கும்பகோணத்திலேயே சமணர் வாழ்ந்தனர். அவர்களுள் சந்திரநாத செட்டியார் என்பவரிடம் சென்றபோது வியத்தகு செய்தியொன்று தெரியவந்தது. சிந்தாமணியை வீட்டில் முறையாகப் படித்து, அன்றுதான் அப்படிப்பை நிறைவுசெய்திருந்தனர்! புலவர் உலகம் மறந்த நூல், ஒரு குடும்பத்தின் வழிபாட்டு நூலாக அவ்வூரிலேயே உயிரோடு இருந்தது.

இந்நிகழ்ச்சியின் பொருள் ஆழமானது. பழைய தமிழ் நூல்கள் காணாமற்போயின, பின் கண்டெடுக்கப்பட்டன என்று நாம் சொல்லிவருகிறோம். சிந்தாமணியைப் பொறுத்தவரை அக்கூற்று முழு உண்மையன்று. அந்நூல் காணாமற்போகவில்லை, அதனை உடையவரிடம் சென்று கேட்போர் இல்லாமற்போயினர். சில தெருக்களைக் கடந்து செல்லத் துணிந்த ஒரு வாசகருக்கு அந்நூல் தன் வாயிலைத் திறந்தது. கல்லூரிப் புலவர் ஒருவர் வணிகர் இல்லத்தில் மாணாக்கராக அமர்ந்த அன்றே அவர் நோக்கு விரியத் தொடங்கிற்று எனலாம்.

சமயச் சுவரும் தடையாக நிற்காமலில்லை. சிந்தாமணியைப் பொய்ந்நூல் என்று ஒதுக்கிச் சோழ மன்னனை நல்வழிப்படுத்தவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது சைவ மரபில் வழங்கிவரும் வரலாறு. அம்மரபில் ஊறியவர் அந்நூலை அச்சிட முனைவது எளிய செயலன்று. ஆயினும் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் ஐயரின் முயற்சிக்கு ஆதரவு நல்கினார் என்பதை மறத்தல் ஆகாது. தமிழ்ப்பற்று சமய எல்லையைக் கடந்து நின்ற இடம் அது.

நூல் இட்ட வேலை

சிந்தாமணி ஐயருக்கு அளித்தது இன்பம் மட்டுமன்று, வேலையும் ஆகும். நச்சினார்க்கினியர் தம் உரையில் பழைய நூல்களிலிருந்து பல அடிகளை மேற்கோளாக எடுத்தாள்கிறார். அவை எந்நூலினவை என்று பல இடங்களில் சொல்லுவதில்லை. அவ்வடிகளின் பிறப்பிடத்தை அறியாமல் உரையைத் தெளிவாகப் பதிப்பிக்க இயலாது. ஆகவே அவற்றைத் தேடினார். தேடியபோது பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அடங்கிய ஏடுகள் கைக்கு வந்தன. ஒரு நூலின் அடிக்குறிப்பை நிறைவு செய்யப் புகுந்தவர் சங்க இலக்கியத்தின் வாயிலில் போய் நின்றார்.

1887இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை, 1903இல் ஐங்குறுநூறு, 1904இல் பதிற்றுப்பத்து, 1918இல் பரிபாடல், 1924இல் பெருங்கதை, 1937இல் குறுந்தொகை என அவ்வரிசை நீண்டது. மணிமேகலைக்காக அவர் பௌத்த சமயத்தைக் கற்க வேண்டியதாயிற்று; உடன் பணியாற்றிய அரங்காசாரியாரின் துணைகொண்டு கற்று, பதிப்போடு புத்தர் வரலாற்றையும் பௌத்த தருமத்தையும் தமிழில் எழுதினார். சமணரிடம் சென்று கேட்டுப் பழகியவருக்குப் பௌத்தத்தைக் கேட்டறிதல் அரிதாகவில்லை. முதல் நூல் கற்பித்த பழக்கமே பிற நூல்களுக்கும் வழிகாட்டிற்று.

கேட்ட மூன்று நூல்களையும் அச்சில் ஒருங்கே காண இராமசாமி முதலியாருக்கு வாய்க்கவில்லை. 1892இல் அவர் மறைந்தார். மணிமேகலை அதற்கு ஆறாண்டு கழித்தே வந்தது.

வேறொரு வாசகர்

ஒரு நூலால் வாழ்வு மாறியதற்கு உலகறிந்த மற்றொரு சான்று காந்தியடிகள். 1904இல் ஜோகன்னஸ்பர்க் நகரிலிருந்து டர்பனுக்கு இரயிலில் சென்றபோது, நண்பர் போலக் கொடுத்த 'அன்டு திஸ் லாஸ்ட்' என்னும் ரஸ்கினின் நூலை அவர் படித்தார். இரவு முழுதும் உறக்கம் இல்லை. அந்நூலின் வழியே வாழ்வது என்று உறுதிகொண்டார். அவ்வாண்டிலேயே டர்பனுக்கு அருகில் பீனிக்ஸ் குடியிருப்பு அமைந்தது. 'இந்தியன் ஒப்பினியன்' அச்சகமும் அங்கே பெயர்ந்தது. தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியும் கொண்டிருந்த இதழ் அது. 1908இல் அந்நூலின் சாரத்தைக் குஜராத்தியில் 'சர்வோதயம்' என்னும் பெயரால் வெளியிட்டார்.

இரு வாசகரையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை தெளிவாகும். காந்தியடிகளுக்கு ரஸ்கின் உடனே விளங்கினார். தம் உள்ளத்தில் முன்பே படிந்திருந்த கொள்கைகளையே அந்நூலில் கண்டதாக அவர் 'சத்திய சோதனை'யில் குறிப்பிடுகிறார். ஐயருக்கோ சிந்தாமணி எளிதில் விளங்கவில்லை. அவர் உள்ளத்தில் இல்லாத ஒன்றையே அது காட்டிற்று. ஒருவருக்கு ஓரிரவு போதும். மற்றவருக்கு ஏழாண்டு வேண்டியிருந்தது. ஒருவர் தெளிவால் உந்தப்பட்டார். மற்றவர் தெளிவின்மையால் உந்தப்பட்டார். ஆயினும் இருவர்க்கும் பொதுவாய் அமைந்தது ஒன்று. இருவரும் நூலை மூடிவைத்தபின் எழுந்து வேலை செய்தனர். நூல் தானே ஒருவரை உருவாக்குவதில்லை. அஃது இடும் வேலையை ஏற்றுக்கொள்பவரே உருவாகிறார்.

பழைய கல்வி வீணா?

முதலியாரின் வினாவைக் கொண்டு, அந்தாதியும் கலம்பகமும் வெறும் குப்பை என்று முடிவுகட்டுவோர் உளர். அவர்கள் 'என் சரித்திர'த்தைப் பாதியே படித்தவர்கள். புள்ளியில்லாத ஏட்டில் ஒரு சொல்லை இப்படியும் அப்படியும் பிரித்து நோக்கி, எதுகையும் தளையும் கெடாத பாடத்தைத் தேர்வதற்குச் செவிப்பயிற்சி வேண்டும். அப்பயிற்சி ஐயருக்கு எங்கிருந்து வந்தது? திரிபந்தாதியிலிருந்தும் யமக அந்தாதியிலிருந்தும் வந்தது. ஆயிரக்கணக்கான செய்யுள்களை மனப்பாடம் செய்தவரின் செவி, பிழைபட்ட ஓரடியைக் கேட்டவுடனே உணரும். சிறு நூல்கள் தீட்டிய கருவியைக் கொண்டே பெருநூல்கள் மீட்கப்பட்டன.

ஐயரும் தம் பழைய கல்வியைப் பழிக்கவில்லை. ஆசிரியரின் பிரபந்தங்களைத் தொகுத்து அச்சிட்டார். எழுபத்தெட்டாம் வயதை எட்டியபின்னும், ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். புதியதைக் கண்டவுடன் பழையதைத் தூற்றுவது கற்றவர்க்கு அழகன்று என்பதை அச்செயல் உணர்த்துகிறது. முதலியாரின் வினா பிள்ளையவர்களின் புலமையை அழிக்கவில்லை. அப்புலமைக்கு அதுவரை இல்லாத ஒரு பயனைக் காட்டியது.

'என் சரித்திர'த்தைப் படிக்கும்போது மனத்திற்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 1880இல் நிகழ்ந்ததை ஐயர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் எழுதுகிறார். பின்னே வந்த வெற்றிகளின் ஒளி முன்னே நிகழ்ந்தவற்றின்மீது விழுதல் இயல்பு. ஒரே நாளில் ஒரு வாழ்வு திரும்பியதுபோல் தோன்றுவது அவ்வொளியின் விளைவாகவும் இருக்கலாம். உண்மையில் அத்திருப்பம் ஒரு நாளில் முடிந்ததன்று; ஏழாண்டுக் காலம் நாள்தோறும் புதுப்பிக்கப்பட்டது. மேலும், பழந்தமிழ்ப் பதிப்பு ஒருவரால் மட்டும் நடந்ததன்று. ஆறுமுக நாவலரின் பதிப்புகள் முன்னோடியாக நின்றன, யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் வெளியிட்டார். அவர்களை மறந்து ஐயரைப் புகழ்வது ஐயருக்கும் பெருமை தாராது.

ஆசிரியர் கொள்ளத்தக்கது

இவ்வரலாறு தமிழாசிரியர்களிடம் ஒரு வினாவை எழுப்புகிறது. மாணவருக்கு எத்தகைய நூலைக் கொடுப்பது? விளங்குவதையே கொடுக்க வேண்டும் என்பது கல்வி உளவியல் கூறும் விதி. அவ்விதி தேவையானதே; எழுத்தறியாக் குழந்தையின் கையில் சங்கப்பாட்டைத் திணிப்பார் இலர். ஆனால் விளங்குவதை மட்டுமே கொடுத்து வந்தால், மாணவர் தாம் முன்பே அறிந்ததையே மீண்டும் மீண்டும் காண்பர். கடினமான சொல் வந்தால் அதனை நீக்குவதும், நீண்ட செய்யுளைக் குறைப்பதும், பொழிப்புரையை மனப்பாடம் செய்வித்துத் தேர்வுக்கு அனுப்புவதும் நாளடைவில் ஒரு வழக்கமாகிவிடுகின்றன. அவ்வழக்கத்தில் வளர்ந்த மாணவர் நல்ல புள்ளிகள் பெறலாம். நூலைத் தேடிச் செல்லமாட்டார். தேடுவதற்குரிய குறை ஒன்றும் அவருக்குத் தோன்றுவதில்லை.

மலேசியாவில் தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நிறைவெய்துகிறது. அதன்பின் இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகவே தொடர்கிறது. எடுத்துப் படிப்பதும் விடுவதும் மாணவர் விருப்பத்தையும் வாய்ப்பையும் பொறுத்தவை. அந்த ஆறாண்டில் எல்லா நூலையும் கற்பித்துவிட எந்த ஆசிரியராலும் இயலாது. ஆனால் இயன்றது ஒன்றுண்டு. மாணவரின் அளவுக்குச் சற்று மேற்பட்ட நூல் ஒன்றைக் கையில் கொடுத்து, 'இஃது இப்போது உனக்கு முழுதும் விளங்காது. விளங்கும் காலம் வரும். அதுவரை வைத்திரு' என்று சொல்லலாம். அதனினும் மேலானது, 'எனக்கும் இதில் சில இடங்கள் விளங்கவில்லை. வா, சேர்ந்து படிப்போம்' என்று சொல்வது. மாணவர் முன் அவ்வாறு சொல்வதால் ஆசிரியரின் மதிப்புக் குறையும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. கல்லூரி ஆசிரியராயிருந்த ஐயர் தமக்கு விளங்காததைத் தெரிந்தோரிடம் சென்று கேட்டார். முன்சீப்பாயிருந்த முதலியார் அந்த ஐயரிடமே பாடங்கேட்டார். அதனால் இருவரில் எவரும் சிறுமையடையவில்லை.

எளிய நூல்களும் வேண்டும். அந்தாதி கற்றிராவிடில் சிந்தாமணி ஐயரின் கைக்கு வந்தும் பயன்பட்டிராது. பயிற்சிக்குச் சிறு நூலும், வேட்கைக்குப் பெருநூலும் வேண்டும். முதலாவதைப் பள்ளிக்கூடம் ஓரளவு தருகிறது. இரண்டாவதைப் பாடத்திட்டம் தரவல்லதன்று. அதனைத் தரவேண்டியவர் ஆசிரியரே.

ஆகவே, வாழ்வை மாற்றிய நூல் எது என்று இனி ஒருவரைக் கேட்கும்போது, அதனோடு மேலும் இரண்டு வினாக்களைச் சேர்த்துக் கேட்பது நன்று. அந்நூலை உங்கள் கையில் கொடுத்தவர் யார்? படித்தபின் நீங்கள் செய்தது என்ன? இவ்விரண்டிற்கும் விடை கூற வல்லவர் சிலராகவே இருப்பர். அச்சிலரைப் பலராக்குவது தமிழாசிரியர் கையில் உள்ளது.